எல்எஸ்டி உதறுகிறதா, வழுக்குகிறதா? ஆயிலா, பிளேட்டா, பழைய செட்டா, புதுசா?

டிஃபரன்ஷியல் என்பது திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி. எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) என்பது அதில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றிவிடாமல் தடுக்கும் வகை. இறுக்கமாக யு-டர்ன் அடிக்கும்போது வண்டியின் பின்பக்கம் கடகடவென்று உதறுகிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் "கிரவுன் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்கிறார்கள் (கிரவுன் என்பது டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்). அடுத்த வொர்க்‌ஷாப்பில் "ஆயில் மாத்தினா போதும்" என்கிறார்கள். விஷயம் தெரிந்த நண்பர் "எல்எஸ்டியே வேண்டாம்ப்பா, சாதா டிஃபரன்ஷியல் போட்டுடு" என்பார். ஒரே சத்தத்துக்கு இத்தனை வைத்தியம். செலவோ சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தொடும் வரை போகும். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கிளட்ச் பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் கெடுவதில் இரண்டு விதம் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஒன்று உதறல். திருப்பத்தில் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் பிளேட்டுகள் வழுவழுப்பாக நழுவிக் கொடுக்க வேண்டும். அவை நழுவாமல் பிடித்துப் பிடித்து விட்டால் அந்தக் கடகடப்பு வரும். காரணம் பெரும்பாலும் ஆயில்தான்.

மற்றொன்று வழுக்கல். பிளேட் தேய்ந்துபோய்ப் பிடிமானமே இல்லை. இதில் சத்தமே வராது. ஈரப் புல்லிலோ சேற்றிலோ ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், மற்றது அசையாது.

உதறலுக்கு மருந்து ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம். அதன் வேலையே பிளேட்டை நழுவ வைப்பது. அதை வழுக்கும் டிஃபரன்ஷியலில் ஊற்றினால் கோளாறு கூடத்தான் செய்யும். "எதுக்கும் ஒரு பாட்டில் ஊத்திப் பார்ப்போம்" என்று தொடங்குவது இதனால்தான் சரிப்படாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

பில்லில் வரும் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நான் பார்ப்பது இவற்றை:

திரும்பி வர முடியுமா? ஆயில் மாற்றிப் பலிக்கவில்லை என்றால் நஷ்டம் சிறியது. கிரவுன் வீலைக் கழற்றிய பிறகு பழைய நிலைக்குப் போவது கடினம். என் கணக்கில் இதற்குத்தான் முதல் இடம்.

மறைந்திருக்கும் செலவு என்ன? ஆயில் சீல், பேரிங், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்), ரேஷியோ (பல் எண்ணிக்கை விகிதம்) பொருத்தம் எல்லாம் எஸ்டிமேட்டில் வராது. வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு போனில்தான் வரும்.

யார் கை வைக்கிறார்கள்? டிஃபரன்ஷியல் செட்டிங் தனி வேலை. இன்ஜினில் கெட்டிக்காரராக இருக்கும் மெக்கானிக்குக்கு இது வராமல் இருக்கலாம்.

வண்டிக்கு என்ன வேலை? மலைத்தோட்டத்துக்குப் போகிற வண்டியும் ஐடி பார்க்குக்குப் போகிற வண்டியும் ஒன்றல்ல. எத்தனை நாள் வண்டி நிற்கும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான்.

## விலை கேட்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் வண்டியில் இருப்பது என்ன வகை என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. மஹிந்திரா தாரில் பலரும் எல்எஸ்டி என்று சொல்வது உண்மையில் ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்ததும் அது 'டொக்' என்று பூட்டிக்கொள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. அந்த 'டொக்' கோளாறு இல்லை, அதன் இயல்பு. பூட்டும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. வேகமாகச் சுற்றும் சக்கரம் திடீரென்று பூட்டும்போது உள்ளே பல் உடையும். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் ஜி80 என்று வருவதும் இதே ஈட்டன் குடும்பம்தான். இந்த வகை ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கேட்பதில்லை.

2020-க்குப் பிந்தைய தாரில் சில வேரியன்ட்களில் பிரேக்கைப் பிடித்துச் சமாளிக்கும் முறைதான் உண்டு. அவற்றில் டிஃபரன்ஷியலுக்குள் தேய்வதற்குப் பிளேட்டே கிடையாது. டார்சன் வகையில் எல்லாமே கியர், பிளேட் இல்லை. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் இருந்தால் அது சாதா டிஃபரன்ஷியல் போலத்தான் நடந்துகொள்ளும். அதைப் பார்த்து "போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விஸ்கஸ் வகை சீல் வைத்த டப்பா. உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் தளர்ந்தால் மாற்றுவது ஒன்றே வழி. கீழே பேசப்போவது முக்கியமாகக் கிளட்ச் பிளேட் வகையைப் பற்றி.

அடுத்து, பொய்க் குற்றவாளிகளை ஒதுக்குங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் லீவர் எதில் இருக்கிறது? பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலும் சேர்ந்திருக்க, காய்ந்த தார் ரோட்டில் முழு லாக்கில் திருப்பினால் எல்எஸ்டி உதறல் போலவே வண்டி முட்டி முட்டி நிற்கும். டூ-ஹெச்சுக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலைக்கு) மாற்றியதும் சரியாகிவிட்டால் டிஃபரன்ஷியலுக்கு ஒன்றும் இல்லை.

பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவா? ஒரு டயர் புதுசு, ஒன்று மொட்டை என்றால் நேர் ரோட்டிலும் பிளேட்டுகள் ஓயாமல் நழுவிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். டேப் எடுத்து இரண்டு டயரின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். சின்ன அளவு ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவதும் இதே கதைதான்.

சத்தம் எப்போது வருகிறது? நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஊளை, விட்டால் நின்றுவிடுகிறது அல்லது சுருதி மாறுகிறது என்றால் கிரவுன்-பினியன் (கிரவுனும் அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனும்). வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் குர்ர் சத்தம், ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டினால் மாறினால் வீல் பேரிங். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது ஒரே ஒரு 'டக்' என்றால் புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸை (அதன் மூட்டை) பாருங்கள். மெதுவான, இறுக்கமான திருப்பத்தில் மட்டும், அதுவும் வண்டி சூடான பிறகு அதிகமாக வருகிற கடகடப்புதான் எல்எஸ்டி பிளேட்டின் கையெழுத்து.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டதா? இனி பிளேட்டில் உயிர் இருக்கிறதா என்ற சோதனை. ஃபோர்டின் 8.8 இன்ச் பின் ஆக்சிலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மஸ்டாங்கிலும் எஃப்-150 பிக்கப்பிலும் வருகிற இந்த ஆக்சிலின் கணக்கு வழக்கு நன்றாகப் பழகிப்போன ஒன்று. இதில் வரும் டிராக்‌ஷன்-லாக் எல்எஸ்டிக்கான சோதனை இப்படி:

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். இன்ஜின் நிறுத்தியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுவித்தபடி. ஒரு பின்சக்கரம் தரையில், மற்றது ஸ்டாண்டில். தூக்கிய பக்கத்தில் அடாப்டர் போட்டு டார்க் ரெஞ்சால் (திருப்பு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மெல்லத் திருப்புங்கள். சக்கரம் நகரத் தொடங்குகிற அந்த நொடியில் ரெஞ்ச் காட்டும் எண்ணைப் பாருங்கள். 27 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பிளேட்டும் ஸ்பிரிங்கும் வேலை செய்கின்றன. அதற்கு வெகு முன்பே சக்கரம் சுளுவாகச் சுற்றிவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. மற்ற வண்டிகளுக்கு இந்த எண் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்எஸ்டி வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு இன்ஜினைப் போட்டுக் கியர் மாற்றவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுற்றிப் பார்ப்பது எளிய சோதனை. மற்றது அதே திசையில் சுற்றினால் எல்எஸ்டி பிடிக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது அது ஈட்டன் லாக்கராகவோ சாதா டிஃபரன்ஷியலாகவோ இருக்கலாம். வகை தெரியாமல் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

## வழி 1: ஆயிலும் மாடிஃபையரும்

உதறல் இருந்து, டார்க் சோதனையில் பிடிமானம் சரியாக இருந்தால் இதுதான் முதல் வேலை. மற்ற எதையும் யோசிக்கவே வேண்டாம்.

இதை நான் வைத்தியமாக மட்டும் பார்ப்பதில்லை, சோதனையாகவும் பார்க்கிறேன். பழைய ஆயிலை இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருந்தால் இயல்பு. அதை விரலில் தேய்த்துப் பாருங்கள். நெருநெருவென்று துகள் தட்டுப்பட்டாலோ, நகக்கண் அளவு சில்லு இருந்தாலோ கியரோ பேரிங்கோ உடைகிறது. அப்போது ஆயில் மாற்றுவது வீண், திறந்துதான் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓடிய வண்டிகளில் இது சாதாரணம். சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பழுதான சீல் வழியாகவோ பிரீதர் (ஆக்சிலுக்குக் காற்று போய் வரும் குழாய்) வழியாகவோ தண்ணீரை இழுத்துவிடும். பிரீதர் ஹோஸைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மறுபடியும் அதே நிலைதான்.

மறைந்திருக்கும் செலவு தவறான ஆயிலில்தான். பீப்பாயிலிருந்து பொதுவான கியர் ஆயிலை ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். எல்எஸ்டிக்கு மேனுவல் சொல்லும் கிரேடுதான் வேண்டும். ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்று இருந்தால் மட்டும் போதாது, எல்எஸ்டிக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஆயிலில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்தே வரும். அதன் மேல் இன்னொரு பாட்டில் ஊற்றினால் நல்ல எல்எஸ்டியையே வழுக்க வைத்துவிடுவோம். டிராக்‌ஷன்-லாக்குக்கு ஃபோர்டு சொல்லும் அளவு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லி. அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஊற்றிய உடனே உதறல் நிற்காமல் போகலாம். புது ஆயில் பிளேட்டுகளுக்கு இடையே போக வேண்டும். காலியான மைதானத்தில் எட்டுப் போடுவது போல இரண்டு பக்கமும் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

## வழி 2: பிளேட் மாற்றுவது

டார்க் சோதனையில் தோற்று, கிரவுன்-பினியனில் ஊளை இல்லாமல், காந்தத்தில் சில்லும் இல்லாமல் இருந்தால் இதுதான் நேர்மையான ரிப்பேர். ஆயில் மாற்றியும் உதறல் நிற்காத வண்டிக்கும் இதுவே.

செலவு வண்டியைப் பொறுத்து வெகுவாக மாறும். காரணம் பிளேட்டின் விலை மட்டுமல்ல, அதை எட்டுவதற்கு எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பதும்தான். ஃபோர்டு 8.8-இல் பின்கவரைக் கழற்றி, குறுக்குப் பின்னை எடுத்து, சி-கிளிப்பை விலக்கி ஆக்சில் ஷாஃப்டுகளை இழுத்துவிட்டு, எஸ் வடிவ ஸ்பிரிங்கைத் தட்டி எடுத்தால், சைடு கியரோடு பிளேட் அடுக்கு ஜன்னல் வழியாகவே வெளியே வந்துவிடும். கிரவுன் வீலை அசைக்கவே வேண்டியதில்லை, பேக்லாஷும் (பற்களுக்கு இடையே இருக்கும் சிறு இடைவெளியும்) மாறாது. அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பது, தட்டும்போது துள்ளும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

பல வண்டிகளில் இந்த வசதி கிடையாது. கேரியரையே (கிரவுன் வீல் மாட்டியிருக்கும் கூட்டையே) வெளியே எடுத்து, கேஸைப் பிளக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது சைடு பேரிங்கின் இறுக்கம், பேக்லாஷ், பல் படியும் இடம் எல்லாவற்றையும் டயல் கேஜும் மார்க்கிங் பேஸ்ட்டும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அனுபவத்தில் கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முன்பு இல்லாத ஊளை வந்து சேரும்.

பிளேட்டுகள் வெளியே வந்ததும் வாங்கிப் பாருங்கள். இரும்புப் பிளேட்டில் நீலப் புள்ளிகள் இருந்தால் சூடேறியிருக்கிறது. உராய்வுப் பிளேட்டின் மேல்பூச்சு கருகி வழவழவென்று இருந்தால் உயிர் போய்விட்டது. புதுப் பிளேட்டுகளை மாட்டும் முன் மாடிஃபையரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த பிளேட்டை அப்படியே அடுக்கினால் முதல் திருப்பத்திலிருந்தே உதறும். கழற்றிய வரிசையிலேயே அடுக்குவதும் ஷிம் கனத்தைக் கணக்கிட்டுப் போடுவதும் முக்கியம். "கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்று ஷிம்மைக் கூட்டினால் பிடி அதிகமாகும்தான். ஆனால் வண்டி திருப்பத்தில் முரண்டு பிடிக்கும், டயரையும் தின்னும்.

## வழி 3: பழைய மார்க்கெட்டில் முழு செட்

சென்னை புதுப்பேட்டையோ கொழும்பு பஞ்சிகாவத்தையோ ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவோ, அடிபட்ட வண்டியிலிருந்து இறக்கிய செட் கிடைக்கும். கிரவுன்-பினியனும் போய், பிளேட்டும் போய், கேஸிலும் அடி என்றால் இந்த வழி நியாயமானது. உதறல் ஒன்றுக்காக இங்கே ஓடினால் ஆயிலில் முடிய வேண்டியதை லாட்டரியாக மாற்றிக்கொள்கிறோம்.

மறைந்திருக்கும் செலவு அதிகம் உள்ள வழி இதுதான். ரேஷியோ ஒன்று. அதே மாடலிலேயே வருடத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தக்கபடி ரேஷியோ மாறும். ஃபோர்டு 8.8-இலேயே 3.27, 3.55, 3.73, 4.10 என்று பல உண்டு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவாக இல்லாவிட்டால் முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வீணாகிவிடும். கடையிலேயே கிரவுன் வீல் பல்லையும் பினியன் பல்லையும் எண்ணி வகுத்துப் பாருங்கள். 41 பல்லுக்கு 11 பல் என்றால் 3.73. அடுத்தது ஸ்பிளைன், அதாவது ஆக்சில் ஷாஃப்ட் முனையில் இருக்கும் வரிப் பற்கள். 8.8-இல் 28 ஸ்பிளைனும் உண்டு, 31 ஸ்பிளைனும் உண்டு. உங்கள் ஷாஃப்ட் மற்றதில் பொருந்தாது. ஏபிஎஸ் சென்சார் வளையம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பொருந்தினாலும், வாங்கும் செட்டின் பிளேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. வாங்கிய பழைய செட்டுக்கே மறுபடியும் பிளேட் போட வேண்டி வந்தால் இரண்டு செலவு.

## வழி 4: சாதா டிஃபரன்ஷியலாக விட்டுவிடுவது

இந்த வழியை யாரும் மதிப்பதில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. பிளேட் முழுக்கத் தேய்ந்த எல்எஸ்டி, ஓட்டுவதற்குச் சாதா டிஃபரன்ஷியல் போலத்தான் இருக்கும். சத்தம் இல்லை, ஆயிலில் சில்லு இல்லை, வண்டி ஓடுவது தார் ரோட்டில் மட்டும் என்றால் ஆயிலை மாற்றிவிட்டு அப்படியே ஓட்டலாம். தேய்ந்த பிளேட்டின் தூள் பேரிங்குக்குப் போகாமல் இருக்க ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டால் போதும்.

காசு கொடுத்துச் சாதா டிஃபரன்ஷியல் மாற்றிப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. கிரவுன் வீலை வேறு கேஸுக்கு மாற்றி மறுபடி செட்டிங் செய்யும் கூலி, பல வண்டிகளில் பிளேட் மாற்றும் கூலியை எட்டிவிடும். அதற்கு எல்எஸ்டியையே சரி செய்துகொள்ளலாமே.

சுமை இழுக்கிற வண்டி, எஸ்டேட் ரோடு, படகை டிராலியில் ஏற்றிச் சரிவில் இழுக்கிற வேலை என்றால் இது உங்களுக்கான வழி இல்லை. அப்புறம், கியரை வெல்டிங் அடித்து நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. திருப்பத்தில் டயர் அரையும், ஷாஃப்ட் முறியும், மழையில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

## வழி 5: புதிதாக வேறு வகை

பழையதை எடுத்துவிட்டு டார்சன் போன்ற கியர் வகையையோ, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தால் இரண்டு சக்கரங்களையும் பூட்டுவது) போன்றதையோ போடுவது. டார்சனில் தேயப் பிளேட் இல்லை, மாடிஃபையர் தலைவலி இல்லை. வேகமாக ஓட்டுபவர்களுக்கும் மலைப்பாதைக்கும் நல்லது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் ஆஃப்ரோடுக்கு அது போதாது, அங்கே லாக்கர்தான் வேலை செய்யும். ஏர் லாக்கருக்கு கம்ப்ரஸர், ஹோஸ், ஸ்விட்ச் எல்லாம் தனிச் செலவு. உங்கள் ஆக்சிலுக்கு அந்த மாடல் வருகிறதா என்பதே முதல் கேள்வி. வாரன்டி இருக்கும் வண்டியில் கை வைக்கும் முன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கோளாறுக்கு | செலவு | வண்டி நிற்பது | எஸ்டிமேட்டில் வராதது |
|---|---|---|---|---|
| ஆயில், மாடிஃபையர் | உதறல், பிடிமானம் நன்றாக இருந்தால் | மிகக் குறைவு | சில மணி நேரம் | தவறான கிரேடு, அளவுக்கு மீறிய மாடிஃபையர் |
| பிளேட் மாற்றம் | வழுக்கல். ஆயிலுக்கு அடங்காத உதறல் | நடுத்தரம் | சில நாள். பார்ட்ஸ் வர நேரமானால் கூடும் | செட்டிங் கூலி, பேரிங், ஆயில் சீல் |
| பழைய செட் | கிரவுன்-பினியனும் சேர்ந்து போனால் | நடுத்தரம் முதல் அதிகம் வரை | தேடும் நாளைப் பொறுத்து | ரேஷியோ, ஸ்பிளைன், தேய்ந்த பிளேட் |
| அப்படியே விடுவது | சத்தமில்லாத வழுக்கல், தார் ரோடு மட்டும் | ஆயில் செலவுதான் | இல்லை | மழைக்காலச் சேற்றில் சிக்குவது |
| புது வகை | வண்டியின் வேலையே மாறினால் | மிக அதிகம் | அதிகம் | கம்ப்ரஸர், வாரன்டி, செட்டிங் |

வொர்க்‌ஷாப்பில் பிரிக்கச் சொல்லும் முன் கேட்க வேண்டியவை: பிடிமான டார்க் எவ்வளவு காட்டியது? டிரெய்ன் பிளக்கை எனக்குக் காட்டினீர்களா? கேரியரை வெளியே எடுத்தால் பேக்லாஷை எதை வைத்து அளப்பீர்கள்? கழற்றிய பிளேட்டுகளைத் திருப்பித் தருவீர்களா? முதல் இரண்டுக்கும் பதில் இல்லாமல் "செட்டா மாத்திடலாம்" என்றால், ஆயிலை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.